எந்தக் கணனிக்கு வைரசு வராது?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணனிப் பொறியியலாளன் இல்லை. ஊரிலே ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு, இங்கே வந்து தொழிற்சாலையிலே வேலை செய்கிறவன். ஆனாலும் கணனிச் சாமான்களிலே ஒரு பைத்தியம். அதனால் ஆற்றையாவது கணனி மக்கர் பண்ணினால் எனக்குத்தான் ரெலிபோன் வரும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தம்பி, எந்தக் கணனி வாங்கினால் வைரசு வராது? விண்டோசோ, மக்கோ, லினக்ஸோ?" அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சுருக்கமான பதில்: வைரசு வராத கணனி எண்டு ஒன்று இல்லை. கூட வருவது, குறைய வருவது எண்டுதான் உண்டு. ஆனால் வந்த பிறகு யார் எழும்புகிறார், யார் விழுந்து கிடக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது கணனியின் பெயர் அல்ல. வேறு விசயம். அது என்ன எண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

வைரசு விண்டோசோடு பிறந்த நோய் எண்டு பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1982இலே அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் பகிடிக்காக எழுதிய 'எல்க் குளோனர்' என்ற வைரசு, அப்பிள் 2 கணனிகளில் நெகிழ்தட்டு வழியாகப் பரவியது. ஐ.பி.எம். வகைக் கணனிகளில் பரவிய முதல் வைரசு 1986இல் வந்த 'பிறெய்ன்'. அதைச் செய்தவர்கள் எங்கே இருந்தவர்கள் தெரியுமோ? பாகிஸ்தானின் லாகூரில். இரண்டு சகோதரர்கள். தங்கள் மென்பொருளைக் களவாகப் பிரதி எடுக்கிறார்கள் என்ற கோபத்திலே எழுதி, அதற்குள்ளே தங்கள் முகவரியையும் ரெலிபோன் இலக்கத்தையும்கூடப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து வைரசுக்காரர் அவ்வளவு அப்பாவிகள்!

இப்போது நிலைமை மாறிவிட்டது. இப்போதைய வைரசுக்குப் பின்னால் இருப்பது கப்பம். கப்பம் என்ற சொல்லை எங்கள் சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் கணனிக்குள் நுழைந்து, உள்ளே இருக்கிற படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் இரகசியக் குறியீட்டால் பூட்டிவிடுவார்கள். திறப்பு வேண்டுமெண்டால் காசு கட்டு என்பார்கள். ஆளைக் கடத்தாமல் கோப்பைக் கடத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி ஒவ்வொரு இயங்குதளமாகப் பார்ப்போம். இயங்குதளம் என்றால் கணனியை இயக்குகிற அடிப்படை மென்பொருள்.

விண்டோசுக்கு ஏன் கூட வருகிறது? மீன் கூடின இடத்திலேதான் வலை வீசுவார்கள். அலுவலகம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் விண்டோஸ். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலே வீட்டுக் கணனியைப் பாவிக்கிற எல்லாருமே நிர்வாகி உரிமையோடு இருந்தார்கள். வீட்டிலே உள்ள சின்னப் பிள்ளைக்கும் எல்லா அறைத் திறப்பையும் கொடுத்தது மாதிரி. இன்றைய விண்டோஸ் அதைவிட எவ்வளவோ மேல். வைரசுத் தடுப்பும் அதோடேயே வருகிறது. ஆனால் புதுப்பிக்காமல் விட்டால் ஒன்றும் காப்பாற்றாது. 2017 மே 12ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற கப்ப வைரசு 150 நாடுகள் வரை பரவி, பிரித்தானியாவின் ஆஸ்பத்திரிகளையே முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசொப்ற் அதற்கு இரண்டு மாதம் முந்தியே, மார்ச்சிலேயே, வெளியிட்டுவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். பிறகு போடுவம் எண்டு விட்டவர்கள் மாட்டினார்கள்.

மக் கணனி வைத்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். 2012இல் 'பிளாஷ்பாக்' என்ற வைரசு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக் கணனிகளைப் பிடித்தது. பிள்ளைகள் படம் இறக்கப் பாவிக்கிற 'ட்ரான்ஸ்மிசன்' என்ற மென்பொருளோடு சேர்ந்து 2016இல் மக்குக்கும் கப்ப வைரசு வந்தது.

லினக்ஸ் கெட்டிக்காரருடையது, அதற்கு ஒன்றும் வராது என்பார்கள். 2016இலே 'மிராய்' என்பது வந்தது. அது பிடித்தது மேசைக் கணனிகளை அல்ல. இணையத்தோடு இணைத்த காவல் கமராக்களையும், வீட்டு இணையப் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றுக்குள்ளே ஓடுவது லினக்ஸ். எப்படிப் பிடித்தது? தொழிற்சாலையிலே போட்டு அனுப்பின கடவுச்சொல்லை வாங்கினவர்கள் மாற்றவில்லை. அவ்வளவுதான். அந்தக் கமராக்களின் படையைக் கொண்டு 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி ருவிற்றர், நெற்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே பல மணிநேரம் தடுமாற வைத்தார்கள்.

அடுத்தது கைத்தொலைபேசி. இதிலே ஒவ்வொரு செயலியும் தன் தன் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் எண்டு கட்டியிருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் நாங்களே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? 2021இலே 'புளூபொட்' என்பது ஐரோப்பா எங்கும் குறுஞ்செய்தியாக வந்தது. "உங்களுக்கு ஒரு பொதி வந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்" என்ற செய்தி. அன்ட்ராய்ட் தொலைபேசியில் அழுத்தி, கேட்ட செயலியைப் போட்டவர்களின் வங்கி விபரங்களைத் திருடியது. 2022இலே பல நாட்டுப் பொலிசார் சேர்ந்து அதை முடக்கினார்கள். ஐபோனிலே அப்படிக் கண்டபடி செயலி போட ஏலாது. ஆனால் அதற்கும் 'பெகாசஸ்' என்ற உளவு மென்பொருள் வந்தது. அது 2016இலே ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளரின் தொலைபேசியைக் குறிவைத்தபோது வெளியே தெரிந்தது. அது எல்லாரையும் தேடி வருவதில்லை. அரசுகள் தேடுகிற ஆட்களைத்தான் தேடி வரும். எங்கள் சமூகத்திலே பொது வேலை செய்கிறவர்கள் அதை மனதிலே வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சாமான் எங்கள் வீடுகளிலே நிறைய இருக்கிறது. தமிழ் அலைவரிசைகள் பார்க்க வாங்கின மலிவு ரீவிப் பெட்டி. அதற்குள்ளேயும் அன்ட்ராய்ட்தான் ஓடுகிறது. பெயர் தெரியாத சில பெட்டிகள் கடையிலே வாங்கும்போதே வைரசோடு வருகின்றன. 'பாட்பொக்ஸ் 2.0' என்ற பெயரிலே இப்படி மில்லியன் கணக்கான சாதனங்கள் பிடிபட்டிருப்பதாக 2025 யூனிலே அமெரிக்காவின் எவ்.பி.ஐ. எச்சரித்தது. உங்கள் வீட்டு இணையத்தைக் கள்ளர் தங்கள் வேலைக்கு வாடகை கொடுக்காமல் பாவிக்கிறார்கள். நாடகத்தைப் பாருங்கோ, வேண்டாமெண்டு சொல்லவில்லை. ஆனால் வங்கி வேலை செய்கிற கணனி இருக்கிற அதே இணையத்திலே அந்தப் பெட்டியையும் கொழுவி வைக்காதேயுங்கோ.

ஆக எல்லா வீட்டிலும் கள்ளன் நுழைய ஒரு வழி உண்டு. அப்ப வித்தியாசம் எங்கே? இதற்கு எங்கள் நோர்வேயிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

2019 மார்ச் 19ஆம் திகதி. நோர்ஸ்க் ஹைட்ரோ. ஒஸ்லோவிலே தலைமையகம் வைத்திருக்கிற அலுமினியக் கொம்பனி. 40 நாடுகளிலே 35,000 தொழிலாளர்கள். அன்று விடியவெள்ளன வேலைக்கு வந்தவர்களுக்குக் கதவிலே கடதாசி ஒட்டியிருந்தது: கணனியை வலையமைப்போடு இணைக்க வேண்டாம். 'லொக்கர்கோகா' என்ற கப்ப வைரசு கொம்பனியின் விண்டோஸ் கணனிகளைப் பூட்டிவிட்டது. அது நுழைந்த வழி என்ன? மூன்று மாதங்களுக்கு முந்தி, நம்பிக்கையான வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்த கோப்பை ஒரு ஊழியர் திறந்தது. அவரிலே பிழை சொல்ல ஏலாது. தெரிந்த ஆளிடமிருந்து வந்த கடிதத்தை ஆர்தான் திறக்கமாட்டார்கள்?

ஹைட்ரோ என்ன செய்தது? கப்பம் கட்டவில்லை. மறைக்கவும் இல்லை. அன்றைக்கே பத்திரிகையாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னது. தொழிற்சாலைகளிலே கடதாசி, பேனை, கையால் இயக்குகிற முறை. பழைய முறை தெரிந்த, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள்கூட உதவிக்கு வந்தார்கள். இதை வாசித்தபோது ஒரு தொழிலாளியாக எனக்குப் பெருமையாக இருந்தது. கணனி விழுந்தபோது தொழிற்சாலையைத் தாங்கினது தொழிலாளியின் கையும் நினைவும். ஆனால் கொம்பனி முழுதாக எழும்பினதற்கு முக்கிய காரணம், பாதுகாப்பான பிரதி வைத்திருந்தது. அந்தப் பிரதியிலிருந்துதான் எல்லாவற்றையும் மீளக் கட்டினார்கள். அப்படி இருந்தும் 2019இன் முதல் அரையாண்டுக்கு மட்டும் 550 முதல் 650 மில்லியன் குரோனர் வரை நட்டம் எண்டு கொம்பனியே மதிப்பிட்டது.

இதோடு ஒப்பிட இரண்டாவது உதாரணம். மியோசா ஏரிக்கு மேற்கே உள்ள ஓஸ்த்ர தூத்தன் கொம்யூன். சுமார் 15,000 பேர் வாழ்கிற சின்ன இடம். 2021 சனவரி 9ஆம் திகதி அங்கேயும் கப்ப வைரசு. ஆனால் இங்கே கள்ளர் பிரதிகளையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். பிரதி இருந்தது, ஆனால் அதற்குச் சரியான பாதுகாப்பு இருக்கவில்லை. முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், கொம்யூன் அலுவலகம் எல்லாம் பேனைக்கும் கடதாசிக்கும் திரும்பின. மக்களின் அந்தரங்கத் தகவல்களும் திருடப்பட்டு இணையத்திலே போடப்பட்டன. பிறகு 2022இல் தகவற் பாதுகாப்புத் திணைக்களம் அந்தக் கொம்யூனுக்கு நான்கு மில்லியன் குரோனர் தண்டம் விதித்தது.

மூன்றாவது உதாரணத்துக்கு இலங்கைக்குப் போவோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணனியைக் கப்ப வைரசு தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்ப எடுக்க ஏலாமல் போய்விட்டன. ஏன்? மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பழசு. பிரதியும் அதே வலையமைப்போடு இணைந்தே இருந்தது. வீட்டுத் திறப்பையும் மேலதிகத் திறப்பையும் ஒரே வளையத்திலே கோர்த்துத் தொலைத்த மாதிரி.

"அப்ப இயங்குதளத்தை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லையோ?" எண்டு இளையோர் கேட்கலாம். பயன் உண்டு. 2021 டிசெம்பரிலே, எங்கள் ஆட்கள் பலர் வேலை செய்கிற ஹோட்டேல் தொழிலிலே, நோர்டிக் சொய்ஸ் ஹோட்டேல்ஸ் என்ற பெரிய குழுமத்தைக் கப்ப வைரசு தாக்கியது. அந்தக் குழுமத்துக்கு இப்போது வேறு பெயர். விண்டோஸ் கணனிகளை ஒவ்வொன்றாகத் துப்புரவாக்காமல், கூகிளின் குரோம் இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். முதல் ஹோட்டேல் 24 மணித்தியாலத்துக்குள்ளே திரும்ப இயங்கியது. அடுத்த இரண்டு நாளிலே 2,000 கணனிகளை மாற்றிவிட்டார்கள். குரோமிலே கணனிக்குள் சேமிக்கிறது குறைவு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன்னைத்தானே சரி பார்க்கும். ஆகவே வைரசு ஒட்டிக்கொள்வது கடினம். ஆனால் கவனியுங்கோ. கள்ளனுக்கு உங்கள் கடவுச்சொல்லையே நீங்கள் எழுதிக் கொடுத்தால் குரோமும் காப்பாற்றாது, மக்கும் காப்பாற்றாது.

ஆக மூன்று விசயம்தான். ஒன்று, புதுப்பித்தல். இரண்டு, தனியாக வைத்த பிரதி. மூன்று, கேட்டவுடன் அழுத்தாத விரல்.

இதிலே பிரதியைப் பற்றி இரண்டு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். பிரதி இல்லாததன் அருமை எங்களை விட ஆருக்குத் தெரியும்? 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றிலே உலகத்திலே வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. கட்டிடத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஏடுகளைத் திரும்ப எழுத ஆராலும் ஏலவில்லை. அந்த வலியை மனதில் வைத்துத்தான் 2005இலே தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி எடுத்து இணையத்திலே வைத்து வருகிறது.

எங்கள் வீட்டு அலுமாரியைப் பாருங்கோ. இடப்பெயர்வுகளுக்குள்ளே எத்தனை பேர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வர முடிந்தது? அம்மம்மாவின் ஒரே படம், இறந்துபோன தம்பியின் ஒரே படம், இப்போது இல்லாத வீட்டின் ஒரே படம். அதை ஆரோ ஒருவர் ஸ்கான் பண்ணி அனுப்பினார். அது இப்போது ஒரு பழைய மடிக்கணனிக்குள்ளே, புதுப்பிக்காமல், ஒரே ஒரு பிரதியாகக் கிடக்கிறது. வைரசு வரத் தேவையில்லை. தேத்தண்ணி ஊத்துப்பட்டாலே போதும். காசை உழைக்கலாம், கணனியை வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையிலே வாங்குவது?

சரி, இனிச் செய்ய வேண்டியவை. வீட்டுக்குப் போய்ச் சித்திரை விடுமுறையிலேயே செய்து முடிக்கலாம்.

1. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் புதுப்பியுங்கோ. கணனி, தொலைபேசி, இணையப் பெட்டி மூன்றையும். விண்டோஸ் 10க்கான வழமையான திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தன. ஐரோப்பிய வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்ரோபர் வரை பதிந்து பெறும் நீட்டிப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. உங்கள் கணனி விண்டோஸ் 11க்கு ஏறாத பழசு எண்டால் எறிய வேண்டாம். இலவசமான லினக்ஸ் போட்டு இன்னும் சில வருசம் பாவிக்கலாம்.

2. முக்கியமான படங்களுக்கும் பத்திரங்களுக்கும் மூன்று பிரதி. ஒன்று கணனியிலே. ஒன்று வெளித்தட்டிலே. பிரதி எடுத்தவுடன் அந்தத் தட்டைக் கழற்றி அலுமாரியிலே வையுங்கோ. கொழுவியபடி இருந்தால் வைரசு அதையும் பூட்டும். மூன்றாவது வேறு ஒரு வீட்டிலே, அல்லது இணையச் சேமிப்பிலே. வருசத்துக்கு ஒருக்கால் திறந்து பாருங்கோ, வேலை செய்கிறதோ எண்டு.

3. பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, நிர்வாகி உரிமை இல்லாமல். களவாக இறக்கின மென்பொருளும் விளையாட்டும் வேண்டாம். செயலிகளை முறையான கடையிலிருந்து மட்டும் எடுங்கோ.

4. மின்னஞ்சலுக்கு இரண்டு படிப் பாதுகாப்புப் போடுங்கோ. மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாத் திறப்பும் அதன் பின்னாலே போகும்.

5. வேலைத்தலத்திலே கண்டெடுத்த யூ.எஸ்.பி. குச்சியை இயந்திரத்திலே கொழுவ வேண்டாம். 2010இலே கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெற்', இணையத்தோடு இணைக்காத ஈரானின் அணுநிலைய இயந்திரங்களுக்குள்ளேயே போனது. குச்சி வழியாகத்தான் அது போனதாகச் சொல்கிறார்கள்.

6. மாட்டிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கோ. கப்பம் கட்ட வேண்டாம். கட்டினாலும் திறப்பு வரும் எண்டு நிச்சயம் இல்லை. வங்கி விபரம் போயிருந்தால் உடனே வங்கிக்கு அடியுங்கோ. பொலிசுக்கு 02800. ஐரோப்பியப் பொலிசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற இடத்திலே சில கப்ப வைரசுகளுக்கு இலவசத் திறப்பும் உண்டு.

கடைசியாக இளையோருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் அப்பா அம்மாமார் நோர்வேஜிய மொழியிலே வருகிற கடிதத்தைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள். வங்கி, வரித்திணைக்களம், பொலிஸ் எண்டு சொல்லி ஆர் கேட்டாலும் மரியாதைக்குப் பதில் சொல்லிப் பழகினவர்கள். கள்ளர் பிடிப்பது அந்தப் பயத்தையும் அந்த மரியாதையையும்தான். வங்கியோ பொலிசோ ஒருபோதும் ரெலிபோனிலே பாங்க் ஐ.டி. கடவுச்சொல்லைக் கேட்கமாட்டாது எண்டு அவர்களுக்குத் தமிழிலே, ஆறுதலாக, இரண்டு மூன்று தரம் சொல்லுங்கோ. ஏதாவது நடந்தால் ஏசாதேயுங்கோ. ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் கள்ளனுக்குத்தான் நேரம் கிடைக்கும். ஹைட்ரோ மாதிரிப் பெரிய கொம்பனியே அன்றைக்கே சபையிலே சொன்னது. எங்களுக்கு என்ன வெட்கம்?

பெரியோரே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளையிடம் கேட்பது குறைவு இல்லை. சந்தேகமான செய்தி வந்தால் அழுத்த முதல் ஒருக்கால் கேளுங்கோ. பிள்ளைகள் வேலையாக இருந்தால் எனக்கு அடியுங்கோ. பின்னேர வேலை இல்லாத நாளிலே நான் வருவேன். தேத்தண்ணி மட்டும் தந்தால் போதும்.

இந்தப் புத்தாண்டிலே எல்லாருக்கும் நல்ல சுகமும், நிம்மதியும், இரண்டாவது பிரதியும் கிடைக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.